பழைய லயத்தில் குளிர்காலம்

2022ஆம் ஆண்டு டிசம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோலசிலாங்கூரிலிருந்து பதினேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியபாலத் தோட்டத்தின் பழைய லயத்தில் குளிர்காலம் வந்து இறங்கியது. தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் என்று இப்போது மிஞ்சியிருப்பது ஏழு வீடுகள்தான். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற ஒன்பது பேர் அவற்றில் குடியிருக்கிறார்கள். வந்த குளிர்காலம் அந்த ஏழு வீடுகளையும், முன்னாலிருக்கும் மண்பாதையையும், ஒரு மாமரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டது. சாக்கடைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் தரும் செம்பனை மரங்களுக்கு நடுவே, எப்போதும் போல முப்பத்துமூன்று டிகிரி. இந்தப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு. குழாய்த் தண்ணீர் பாதி வழியில் நின்றது. மாமரம் இரண்டே நாளில் இலைகளை உதிர்த்தது. ஒன்பது பேரில் ஒருவரான திலகாவின் வீட்டுச் சேவல் கூவுவதற்கு வாயைத் திறந்து வெறும் புகையை விட்டது. வானிலைக்காரர்கள் இரண்டு பேர் வேனில் வந்தார்கள், கருவியைச் சாக்கடைக்கு இப்புறமும் அப்புறமும் வைத்துப் பார்த்தார்கள், ஒரு படிவத்தை நிரப்பிக் கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். தஞ்சோங் காராங்கிலிருந்து இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு வாரம் படம் எடுத்தார்கள். பிறகு அவர்களுக்கும் சலித்துவிட்டது.

குளிர்காலம் ஏன் வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒன்பது பேரும் அதற்காக நான்கு மாதமாகக் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் ரூபினி என்ற இளம் தாதி கிளினிக்கிலிருந்து வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்துப் போயிருந்தாள். பாவம், நல்ல பிள்ளை. இணையத்தில் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்ததைத் தமிழாக்கி அச்சடித்திருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘குளிர்காலத்தில் முதியவர்கள்’ என்று போட்டிருந்தது. தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது, வழுக்காத காலணி போட வேண்டும், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும், எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது.

தோட்டத்து ஆட்களுக்கு நோட்டீஸ் என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அறுபது வருடமாக ஆபீஸ் சுவரில் கணக்கெழுதும் கிராணி ஒட்டும் தாளைப் பார்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள். திங்கட்கிழமை உரம் என்று தாளில் இருந்தால் திங்கட்கிழமைதான் உரம். ஆர்வக் கோளாறில் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே ஒன்பது பேரும் தாளைக் கவனமாகப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், குளிர்காலம் வந்ததும் ஆரம்பித்துவிடலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அக்டோபரில் ரூபினி திரும்ப வந்து, “நடக்கிறீங்களாம்மா?” என்று கேட்டபோது, “இன்னும் வரலையே தாயி, வந்ததும் நடப்போம்” என்று திலகா சொன்னார். பேருந்தைத்தான் சொல்கிறார்களாக்கும் என்று நினைத்து ரூபினி தலையாட்டிவிட்டுப் போனாள்.

இந்தக் காத்திருப்பு எல்லோரையும்விட நாகமணியைத்தான் அதிகம் பாதித்தது. அறுபத்தாறு வயது. நாற்பது வருடம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய முழங்கால்கள். அந்த அக்டோபரிலேயே குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து கால்கள் அவரை நம்ப மறுத்தன, அவரும் கால்களை நம்புவதை விட்டார். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில் என்று நாள் போனது. ரவாங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரே மகன் குமரவேல், சுங்கை சோவிலிருந்து ஓடி வந்தான். அவனுடைய வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

“என்னோட வந்திருங்கம்மா. இங்க தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?”

“நாலாவது மாடியில என்னை ஏத்திட்டேன்னா, அப்புறம் நாலு பேரு தூக்கித்தான் எறக்கணும். வேணாம்யா.”

குமரவேல் கெட்ட மகனில்லை. இரவெல்லாம் தூக்கமில்லாமல் யோசித்துத்தான் ஒரு வழி சொன்னான். “தைப்பூசத்துக்கு வருவேன். இந்த வாசல்லேர்ந்து முச்சந்திக் கோயில் வரைக்கும் உங்க கால்ல நடந்து வந்துட்டீங்கன்னா, அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலேன்னா மறுபேச்சு இல்லாம காருல ஏறணும். சரிதானே?” வாசலிலிருந்து கோயில் ஒன்றரை கிலோமீட்டர். நாகமணி சரி என்றார். அதற்குள் குளிர்காலம் வந்துவிடும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

குளிர்காலம் வந்த மறுநாளே நோட்டீஸ் அமலுக்கு வந்தது. காலை ஏழு மணிக்கு உடையப்பன் மாமரத்தடியில் நின்று தண்டவாளத் துண்டைத் தட்டினார். அவருக்கு எழுபத்துமூன்று வயது. முப்பது வருடம் கங்காணியாக, தோட்டத்துப் பேச்சில் மண்டோராக இருந்தவர். விடியற்காலையில் மண்டோர் பெயர் கூப்பிட, வேலையாட்கள் வரிசையில் நின்று குரல் கொடுக்கும் பெரட்டு தோட்டத்து ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. மகன் சொல்லி, மருமகள் சொல்லி, தாதி சொல்லி அசையாத கால்கள் தண்டவாளச் சத்தத்துக்கு எழுந்தன. கம்பளி, மழைச்சட்டை, சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மருந்தடிக்கும்போது போட்ட பழைய ரப்பர் பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். உடையப்பன் ஒரு பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடைசிப் பெயர் நாகமணி. பதில் வரவில்லை.

வராததற்குக் காரணம் முழங்கால் மட்டுமில்லை. 1989இல், மூன்று வயதுப் பிள்ளையாயிருந்த குமரவேலுக்கு ஒருநாள் காய்ச்சல் கொதித்தது. அவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நாகமணி பெரட்டுக்கு ஓடி வருவதற்குள் உடையப்பன் நோட்டை மூடிவிட்டார். மூடிய நோட்டு மூடியதுதான், பெயர் தாண்டியவர் அன்றைக்குக் கூலி இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். நாற்பது பேர் பார்க்க, தலைகுனிந்து திரும்பி நடந்தார் நாகமணி. அன்றிலிருந்து முப்பத்துமூன்று வருடம், இரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டு, அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய மனைவி இறந்தபோது நாகமணி போய் அழுதார், சோறு கொண்டுபோய் வைத்தார், ஆனால் பேசவில்லை.

உடையப்பன் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் நிற்பார். மற்ற ஏழு பேரும் காலை மாற்றி மாற்றி வைத்துக் குளிரில் முணுமுணுப்பார்கள். “வராதவளுக்கு எதுக்கு நிக்கிறீங்க மண்டோரே, மூக்கு கழண்டு விழுது” என்று திலகா வாய்விட்டே கேட்டார். உடையப்பன் நோட்டை மூடுவார். நாகமணி வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிருக்கு ஒரு குணம் இருந்தது. ஆள் நடமாடும் வீட்டில் அது வாசலோடு நிற்கும், உட்கார்ந்திருக்கும் வீட்டில் உள்ளே வந்து கூடவே உட்காரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் நாகமணி வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து முழ நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்கியது. முழங்கால்கள் துருப்பிடித்த கேட் மாதிரி ஆகிவிட்டன.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, எல்லோரும் நடந்து முடித்துப் போன பிறகு, அவர் தனியாகக் கிளம்பிப் பார்த்தார். நாற்பது அடி நடந்தார். மாமரத்தைக் கட்டிப் பிடித்தார். அதற்குமேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. திலகா பார்த்துக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். “ஒன்றரை கிலோமீட்டர் போகணும், நெனப்பிருக்கா? வீம்பாலயே நடக்க முடியும்னா எப்பவோ நடந்திருப்ப லா” என்றார். நாகமணிக்கு அழுகை வந்தது. தைப்பூசத்துக்கு முப்பத்தொன்பது நாள் இருந்தது. நாலாவது மாடியின் ஜன்னல் கம்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

மறுநாள் தண்டவாளம் ஒலித்ததும் பூட்ஸை எடுத்தார். குனிய முடியாமல் ஒரு காலை நுழைக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது. வெளியே உடையப்பன் அவர் பெயரைக் கூப்பிட்டதும், வழக்கம்போல் காத்திருந்ததும், நோட்டை மூடியதும் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது எல்லோரும் நடக்கத் திரும்பியிருந்தார்கள். எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். இந்தக் காட்சி அவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், முன்பே ஒருமுறை பார்த்ததுதான். நாகமணி சுவரைப் பிடித்து, வேலிக் கம்பைப் பிடித்து, மாமரம் வரை வந்து சேர்ந்தார். உடையப்பன் அவரையும் மூடிய நோட்டையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எல்லாரும் வரிசைக்குத் திரும்புங்க” என்றார். நோட்டைப் பிரித்து முதல் பெயரிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார். எட்டுப் பேருக்கும் பிறகு ஒன்பதாவது பெயர் வந்தது.

“இருக்கேன்” என்றார் நாகமணி.

பெரியபாலத் தோட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே காலையில் பெரட்டு இரண்டு தடவை எடுத்தது அன்றைக்குத்தான். உடையப்பன் மன்னிப்பு என்ற சொல்லைத் தன் வாயால் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. ஆனால் நோட்டை மூடாமல் விரித்தபடியே கையில் வைத்துக்கொண்டு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள், குளிரில் விரல் மடங்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

முதல் நாள் மாமரத்தைச் சுற்றி இரண்டு சுற்று, அவ்வளவுதான். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கினார்கள். வாசலில் நாற்காலி போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தார்கள். நாகமணி முதல் வாரம் மூன்று முறைதான் எழுந்தார், இரண்டாம் வாரம் ஆறு. பொங்கலுக்குப் பானை வைத்த அன்று பத்து எழுந்து, பதினொன்றாவதையும் எழுந்து காட்டினார். நடுவில் இடது முழங்கால் வீங்கி இரண்டு நாள் படுத்தார். ரூபினி வந்து பார்த்து, வேகத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள் என்றாள். தாளில் நேர்ந்த தவறைச் சொல்லி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கத்தான் அவள் அன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது பேரின் ரத்த அழுத்தத்தையும் பார்த்தபின் அதைச் சொல்லாமலே திரும்பிப் போனாள்.

தூரம் கூடக் கூட ஒரு விஷயம் தெரிந்தது. ஒன்பது பேரும் சேர்ந்து லயத்தைவிட்டு வெளியே நடந்தால் குளிர்காலமும் கூடவே கிளம்பியது. பாதையின் அகலத்துக்கு அவர்கள் தலைக்குமேல் நகர்ந்து போகும். லயம் அந்த ஒரு மணி நேரத்துக்கு முப்பத்துமூன்று டிகிரிக்குத் திரும்பிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் திலகாதான். நடக்கப் போகும் முன் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது காய்ந்திருக்கும். பழக்குலை வெட்டும் லொம்போக் தீவு ஆட்கள் அவர்கள் கடந்து போகும்போது தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டுவார்கள். பழ லோரி ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு அந்தச் சில்லிப்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசம். குமரவேல் விடிந்ததும் வந்து வாசலில் காரை நிறுத்தினான். பின்பெட்டியில் அம்மாவின் சாமான்களுக்காக இரண்டு பெரிய பைகள் மடித்து வைத்திருந்தான். அவன் கோப்பி குடித்து முடிப்பதற்குள், அந்த லயம் அதுவரை பார்க்காத அளவுக்குப் பனி கொட்டியது. முழங்கால் உயரம். கார் சக்கரங்கள் மறைந்தன. உடையப்பன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்குப் பெரட்டு இல்ல. யாரும் எறங்காதீங்க” என்றார். முப்பது வருட மண்டோர் வேலையில் வெள்ளம் வந்த ஒரு தடவை மட்டும்தான் அவர் அப்படிச் சொன்னதுண்டு.

“விடுங்கம்மா” என்றான் குமரவேல். அவன் பல் தந்தியடித்தது. “நீங்க முயற்சி பண்ணீங்க, அது போதும். பனி கரைஞ்சதும் கார எடுத்துடலாம்.”

நாகமணி பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது அதற்கு அரை நிமிடம்தான் ஆகிறது. “இன்னைக்குத்தானே சொன்ன? நாளைக்குன்னு சொல்லலையே” என்றார். படியிறங்கிப் பனிக்குள் காலை வைத்தார். முழங்காலைத் தூக்கினார், வைத்தார், மறுபடியும் தூக்கினார். வலித்தது. வலிக்காமலில்லை. ஆனால் தூக்கின கால் தூக்கின இடத்திலேயே நிற்காமல் முன்னால் போய் விழுந்தது. முதலில் திலகா இறங்கினார், பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் உடையப்பனும் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். குளிர்காலமும் பனியைக் கொட்டிக்கொண்டே அவர்களுக்கு முன்னால் பாதையில் கிளம்பியது.

குமரவேல் அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஓடினான். இரண்டு முறை விழுந்து எழுந்தான். முப்பத்தாறு வயது, நாள் முழுக்க நாற்காலி வேலை. பாதி வழியிலிருக்கும் மதகைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. கடைசியில் அம்மா வைத்த காலடிக் குழிகளில் தன் காலை வைத்து நடந்தால்தான் விழாமல் போக முடிகிறது என்று கண்டுபிடித்தான். அதன்பிறகு தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குழிகளை மட்டும் பார்த்து நடந்தான். கோயில் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. குழிகள் நின்றதும் நிமிர்ந்து பார்த்தான். நாகமணி முன்னால் நின்று அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவன் அம்மாவின் கையைப் பிடித்தான். அது அவன் கையைவிடச் சூடாக இருந்தது. அர்ச்சனை முடிந்து திரும்பி வந்து, கரைந்தது போகக் காரைச் சுற்றி மிஞ்சியிருந்த பனியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, பைகளை மடித்தது மடித்தபடியே சுங்கை சோவுக்குத் திரும்பினான். கார் கூரையில் இருந்த பனி ஈஜோக் தாண்டும்வரை கரையவில்லை.

குளிர்காலம் அதற்குப் பிறகு போகவில்லை. மார்ச்சில் போகும் என்றார்கள், ஜூனில் போகும் என்றார்கள், இப்போது வருடக் கணக்காகிவிட்டது. தோட்டத்து ஆபீஸ் அந்த வீடுகளுக்குத் தடித்த கம்பளிகள் கொடுத்தது. நாகமணி இப்போது கோயிலைத் தாண்டி வாய்க்கால் வரை போய்த் திரும்புகிறார். காலை ஏழு மணிக்கு அந்தப் பாதையில் வருகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒன்பது பேரும் அவர்களுடைய குளிரும் கடந்து போகும்வரை காத்திருக்கிறார்கள்.