புருசெத்துக் கறி வரி

நோர்வேயில் கறிக்கு வரி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒஸ்லோவின் புருசெத் வட்டாரத்தில் உள்ள தமிழ் வீடுகள் அதைச் சில வருடங்களாகக் கட்டி வருகின்றன.

தொடங்கியது வானொலியில். சனிக்கிழமைத் தமிழ்ச் செய்தி வாசிக்கும் ஜெயரத்தினம், டீசலில் இருந்தும் எரிவாயுவில் இருந்தும் வரும் புகைக்கு அரசாங்கம் வாங்கும் வரி அடுத்த வருடம் கூடப்போகிறது என்ற செய்தியைத் தமிழில் எழுதினார். கரிம வரி என்று எழுதியிருக்க வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று கரி வரி என்று எழுதினார். அந்தக் கிழமைதான் அவருக்கு முன்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். சின்ன ரகரமும் பெரிய றகரமும் அவர் வாயில் ஒன்றாகவே வந்தன. கறிக்கு வரி என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்டது. ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்தப் பனிமாரியில் மின்சாரம், வெண்ணெய், மீன், வீட்டுக்கடன் வட்டி என்று எல்லாம் ஏறியிருந்தது. நகரத்துக்குள் வாகனம் ஓட்டினால் சுங்க வாசலுக்கு வாசல் காசு. மிச்சமிருந்தது கறி ஒன்றுதான், அதற்கும் வந்துவிட்டது என்று சொல்லிப் படுத்தார்கள்.

மறுநாள் காலையில் தமிழ் வீடுகளின் சட்டிகளில் உட்புறத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வரி இருந்தது. கரியில் விரலைத் தோய்த்து இழுத்தது போன்ற கோடு. தேய்த்தால் போகவில்லை. சட்டி நிறையக் கறி வைத்து, மூடி, பிறகு திறந்தால் கறி அந்தக் கோட்டில் நின்றது. கோட்டுக்கு மேலே இருந்தது வற்றவுமில்லை, பொங்கி ஊற்றுப்படவுமில்லை. இல்லாமல் போனது, அவ்வளவுதான். சோற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு நோர்வேக்காரரின் மீன் சூப்புக்கும் நடக்கவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில், சென்னையில் இருந்து கணினி வேலைக்கு வந்திருந்த சௌம்யாவின் சட்டியில் கோடே விழவில்லை. "நாங்க கறியே சாப்பிடறதில்லீங்க, சுத்த சைவம்" என்று அவள் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது. அவளுக்குக் கறி என்றால் இறைச்சி. கத்தரிக்காயும் பருப்பும் அவள் வீட்டில் கறி அல்ல. இதைக் கேட்டுச் சிலர் தங்கள் கறியைக் குழம்பு என்று சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு நாள் சட்டி நிறைந்திருந்தது. மூன்றாம் நாள் கோடு முன்பைவிடக் கீழே விழுந்தது. ஏய்ப்புக்குத் தண்டம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதில் கூடுதலாக அடிபட்டவர்கள் சந்திரகுமாரும் மனைவி இந்திராவும். புருசெத் சந்தைக் கட்டடத்தில் இந்திரா சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். துப்புரவு வேலைக்காரருக்கும் டாக்சிக்காரருக்கும் மதியப் பார்சல். அவள் சமைப்பாள், சந்திரகுமார் பழைய டீசல் வானில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவளுடைய கிடாரத்தில் கோடு மற்ற வீடுகளை விட நன்றாகக் கீழே விழுந்திருந்தது. பெரிய சட்டிக்குப் பெரிய வரி போலும். கறி குறைந்தாலும் பார்சலைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை, விலையைக் கூட்டினால் ஆட்கள் பாணும் வாழைப்பழமுமாக முடித்துக்கொண்டார்கள். டீசலும் வாசல்காசும் வேறு. இப்படியே போனால் கோடைக்குள் கடையைப் பூட்ட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். முப்பது வருடம் மற்றவர்களுக்கு வேலை செய்த பிறகு திறந்த கடை அது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஆரபி ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள். "அப்பா, அது சே-ஓ-தோ அவ்யிஃப்ட், கரிம வரி. புகைக்கு. கறிக்கு ஒரு வரியும் இல்லை."

"அப்ப உந்தச் சட்டிக்கை இருக்கிறது என்ன?"

ஆரபி சட்டியைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியேல்ல" என்றாள்.

கடைக்கு வழமையாகச் சாப்பிட வரும் ஆன்ட்ரியாஸ் குழாய் திருத்துபவன். வாசல்காசையும் டீசல் வரியையும் எதிர்க்கும் புதுக் கட்சி ஒன்றில் வட்டார மன்றத்துக்கு நின்றான். இந்திரா கிடாரத்தைத் திறந்து காட்டியபோது அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "நான் இதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன், சாப்பிடும் முன்பே எடுத்துவிடுகிறார்கள்" என்றான். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் நகரசபைச் சதுக்கத்தில் ஊர்வலம் வைத்தான். வான்கள் ஹோர்ன் அடித்தன. தமிழர் சட்டிகளோடு வந்தார்கள். கறியில் கை வைக்காதே என்ற பதாகையை ஆன்ட்ரியாஸ் தன் கைபேசியிடம் மொழிபெயர்க்கச் சொல்லி அச்சடித்து வந்திருந்தான். கைபேசி கரியில் கை வைக்காதே என்று கொடுத்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் எண்ணெயும் நிலக்கரியும் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று கத்திக்கொண்டு மாணவர்கள் நின்றார்கள். அவர்களில் ஆரபியும் ஒருத்தி. பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நண்பர்கள் கேட்க, அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மாணவர்கள் கைதட்டினார்கள். தமிழரும் பதிலுக்குக் கைதட்டினார்கள். இரண்டு ஊர்வலமும் ஒன்றாகவே நாடாளுமன்றம் வரை போயின. யார் எதற்கு எதிர் என்று பொலிசுக்கும் விளங்கவில்லை.

கறி வரியை நீக்கக் கோரும் மனுவை வட்டார மன்றத்தில் கொடுப்பது என்று முடிவாகி, சந்திரகுமார் தாங்கள் இருக்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் கையெழுத்து வாங்கினார். கடைசியாகக் கீழ்த்தளத்துச் சின்னராசா வீட்டுக்குப் போனார். சின்னராசா வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, முதுகு போய், ஒஸ்லோவுக்கு வந்து தனியே இருப்பவர். ஓய்வூதியத்தில் வாடகை போனால் மிஞ்சுவது கொஞ்சம். சோறு மட்டும் அவிப்பார், கறி வைத்து ஒருவரும் கண்டதில்லை. அன்று அவர் தட்டில் சோற்றோடு கணவாய் இருந்தது. பூண்டை முழுப்பல்லாகப் போட்டு மிளகாய்த்தூளைக் கருக வறுத்த கணவாய். பக்கத்தில் கத்தரிக்காயும் ஆட்டெலும்பும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அடுப்பு குளிர்ந்திருந்தது. சட்டி அந்தக் கோடு வரை நிறைந்திருந்தது.

"இருங்கோ தம்பி. உங்கட வீட்டுக் கணவாய் நல்லம். மூண்டாம் மாடி ஆக்கள்தான் உப்பைக் கொஞ்சம் குறைக்கலாம்."

"இது எப்பிடி அண்ணை இஞ்சை?"

"வெறுஞ்சட்டியை வைச்சிட்டுக் கை கழுவ எழும்புவன். வரேக்கை இருக்கும். ஒருத்தரும் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல." சின்னராசா கையைத் துடைத்துக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தார். "இதென்ன?"

"வரி வேண்டாமெண்டு."

"குடுங்கோ. சாமான் விக்கிற விலைக்கு இனி வரி ஒண்டுதான் குறை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

சந்திரகுமார் இதை இந்திராவிடம் மட்டும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"அந்த மனுசன் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன்."

"அவர் கேக்கமாட்டார்."

"அதுக்கு? என்ரை சட்டிக்கை இருந்து ஆரைக் கேட்டு எடுக்கிறது? கடை பூட்டினாப் பிறகு எனக்கு ஆரப்பா கணவாய் அனுப்புவினம்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. சின்னராசாவின் தட்டிலும் பிழையில்லை. சந்திரகுமார் இரண்டையும் வைத்துக்கொண்டு பல நாள் வான் ஓட்டினார். இரண்டு முறை பச்சை விளக்கில் நின்று ஏச்சு வாங்கினார்.

மன்றக் கூட்டத்துக்குத் தலைவி கரோலினா. பொறுமையான மனுசி. மனுவை இரண்டு தரம் வாசித்தாள், சட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், செயலாளரிடம் கேட்டாள். அப்படி ஒரு வரி எந்தப் பட்டியலிலும் இல்லை என்றார் செயலாளர். இல்லாததை நீக்க மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது, ஆனால் கட்டுகிறவரே இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னால் அதைப் பதிந்து, நீக்கிவிடலாம். கூட வந்திருந்த ஆன்ட்ரியாஸ் தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினான். கரோலினா சந்திரகுமாரைப் பார்த்துக் கேட்டாள்: "அப்படியானால், இப்படி ஒரு வரி இல்லையா?"

நோர்வே மொழியில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்ல யூ என்று ஒரு தனிச்சொல் உண்டு. தமிழருக்கு அது லேசில் வராது. இல்லையோ என்று கேட்டால் இல்லை என்பதற்கும் ஓம் போடுகிற வாய் நமது. நோர்வே மொழியில் வெறும் ஓமுக்கு யா. சந்திரகுமார் "யா" என்றார்.

இல்லை என்று ஒப்புக்கொண்டதாகக் குறிப்பில் எழுதி, மனுவைத் தள்ளிவைத்து, மன்றம் நாய் உலாவும் பாதை பற்றிய விடயத்துக்குப் போனது. வெளியே வந்ததும் ஆன்ட்ரியாஸ் கத்தினான்.

"அப்பா, யூ எண்டெல்லோ சொல்லியிருக்கோணும்" என்றாள் கூட்டத்துக்குத் துணைக்கு வந்திருந்த ஆரபி.

"தெரியும்" என்றார் சந்திரகுமார். தெரிந்துதான் சொன்னாரா, சொன்ன பிறகு தெரிந்ததா என்று அவள் கேட்கவில்லை.

கோடையில் கடை பூட்டப்பட்டது. வானை ஒரு லித்துவேனியக்காரன் வாங்கிக்கொண்டு போனான். சந்திரகுமார் மின்சார பஸ் ஓட்டப் பழகினார். இந்திரா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், கணவனோடு சில மாதம் அளவாகத்தான் பேசினாள். தேர்தலுக்குத் தேர்தல் வரியைக் குறைப்பதாகச் சொல்கிறவர்களுக்கே வாக்களிக்கிறாள். சட்டியில் கோடு அப்படியே இருக்கிறது. அது போகும் என்று இப்போது யாரும் பார்த்திருப்பதில்லை. கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர்கள் கோட்டையும் கணக்கில் சேர்த்தே இறைச்சி வாங்குகிறார்கள்.

போன மாரியில் சின்னராசாவுக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்று கட்டடத்தில் கதை அடிபட்டது. அதன் பிறகு இந்திரா வீட்டில் அடிக்கடி பாவக்காய்க் கறி வைத்தாள். ஆரபி முகம் சுளித்தால், சாப்பிடு என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் கீழே தபால்பெட்டியடியில் சின்னராசா சந்திரகுமாரை மறித்தார்.

"தம்பி, முந்தி கணவாய், றால் எண்டு வந்தது. இப்ப பாவக்காய், பாவக்காய், பாவக்காய். இதை ஆரிட்டைச் சொல்லுறது?"

சந்திரகுமார் பெட்டியைத் திறந்து விளம்பரத் தாள்களை எடுத்தார்.

"ஆரிட்டையும் சொல்லேலாது அண்ணை. அப்பிடியொரு வரி இல்லையே."

"ஓம்" என்றார் சின்னராசா.