ஆறினால் உப்பு மாறும்

…அடிபிடிக்காமல் இருக்க ஒரே வழி நிற்காமல் கிண்டுவதுதான், வேறு மந்திரம் எதுவும் கிடையாது என்று மருமகளிடம் சொன்னேனா, நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை, இந்த ஒரு வருடமாக நினைப்புக்கும் பேச்சுக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்து கிடக்கிறது, நினைத்ததைச் சொன்னதாகவும் சொன்னதை நினைத்ததாகவும்… அவள் தலையாட்டுகிறாள், அப்படியானால் சொல்லித்தான் இருக்கிறேன். தோள் கடுக்கிறது, துடுப்பை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன். அதே கொட்டகை, அதே அண்டா, ஒரு பக்கக் காது மட்டும் புதிதாக வைத்துத் தட்டியது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது, கல்லறையில் பூ வைத்து ஜெபம் பண்ணினால் போதாதா அம்மா என்று மகன் கேட்டான், பூவைக் குடிக்க முடியுமா என்று நான் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்ச் சோளத்தை உடைத்துக்கொண்டு வந்தான். வழியில் போகிறவர்கள் யாரானாலும் வந்து கஞ்சி குடிக்கட்டும், அவருக்கு அதுதான் பிடிக்கும். மகள் மரப்பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள், ஏதோ ஆராதனைப் பாட்டை முணுமுணுக்கிறாள், குரல் அப்படியே அவர் குரல், ராகத்தை விட்டு விலகும் இடம்கூட அதே இடம். மழை பொய்த்த அந்த வருடம் இவள் என் வயிற்றில் இருந்தாள். இருந்தாள் என்று இன்றைக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன்.

அந்த வருடம் சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது, மேலே வரவும் மனமில்லை, காய்ந்து விழவும் மனமில்லை, இலைகள் சுருட்டு போலச் சுருண்டுகொண்டன. கிணற்றுக் கயிறு எட்டவில்லை, மாட்டுக் கயிற்றை அவிழ்த்து அதோடு முடிச்சுப் போட்டோம், மாட்டை விற்ற பிறகு கயிறு எதற்கு, வாளி மேலே வரும்போது முடிச்சு உருளையில் ஏறி ஒரு குதி குதிக்கும், பாதித் தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே போகும், கிணறு கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறது என்பார் அவர். காலையில் எழுந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்க போறீங்க என்றால், "வாய்க்காலைச் சரி பண்ணப் போறேன்." எந்தத் தண்ணிக்கு? "வரப்போற தண்ணிக்கு." வரும்போது அதுக்கு வழி தெரியும், நீங்க பேசாம படுங்க. "ஏம்மா, விருந்தாளி வாசல்ல வந்து நின்ன பிறகா வீட்டைப் பெருக்குவே?" இந்த மனிதரிடம் பேசி யார் ஜெயித்தார்கள். எனக்குக் கோபம், அவர்மீது இல்லை, இன்னும் மேலே இருக்கிறவர்மீது. மழைக்காக ஜெபக்கூட்டம் நடக்கும், எல்லோரும் கைகளை விரித்து உயர்த்துவார்கள், நான் மட்டும் மடியில் கைகளை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், விரித்த கை எனக்கு ஏந்தின கையாகத் தெரிந்தது, யாரிடமும் ஏந்தாத குடும்பத்தில் பிறந்தவள் என்கிற நினைப்பு. திரும்பி வரும் வழியில் அவர் முன்னால் நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னார், "கையை மூடிக்கிட்டுக் கேட்டா எதுல வாங்குவே?"

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல வீடுகளில் அடுப்பில் பூனை தூங்குகிறது என்று போதகர் சொல்லி முடிக்கவில்லை, இவர் எழுந்து நின்றுவிட்டார், எங்க கொட்டகை காலியாத்தான் கிடக்கு, அங்க அடுப்பு மூட்டிக்கலாம் என்று. கொட்டகை காலி, சரி. ஆனால் களஞ்சியத்தில் போன வருடச் சோளம் கொஞ்சம் இருந்ததே, அதையும் கொடுத்துவிடலாமா என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார், ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. நம்ம பையன் என்றேன். "அவனும் வரிசையில நிக்கட்டும். ஊரோட ஒத்து வாழணும்னு நீதானே சொல்லுவே." வயிற்றில் இருக்கிறதுக்கு? அவர் இரண்டாவது செருப்புக்குக் குனிந்தார். இதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை, அது இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசுவதில்லை. சரி என்றேன், வாயால் மட்டும். ஏன் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்து யாரால் இல்லை என்று சொல்ல முடியும், அதுதான் காரணம், வேறு பெரிய விசுவாசம் எல்லாம் ஒன்றும் இல்லை.

ஊரில் ஒரு அக்கா உண்டு, செய்தி எதுவும் அவள் வாயில் தங்காது, ரேடியோ என்றுதான் பெயர், நேரில் கூப்பிடும்போதும் ரேடியோ அக்காதான், கோபித்துக்கொள்ள மாட்டாள். கஞ்சி ஊற்றத் தொடங்கிய புதிதில் வரிசையில் நின்றுகொண்டு அவள் சொன்னாள், "அண்டா அவங்க கையில, கரண்டியும் அவங்க கையில. தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?" நாலு பேர் சிரித்தார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான், இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்குப் புகைக்குப் பின்னால் நின்று கேட்டவளுக்குத் தெரியவில்லை. உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறேன், சுருக்கென்று தைத்தது. இந்த அண்டாவிலிருந்து ஒரு பருக்கை என் வாயில் போகாது என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். பிறகு எதைச் சாப்பிட்டேன்? நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன், நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல… பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாத பொய்கள். கண் இருட்டிக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்ட அன்று நர்ஸம்மா வந்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், என்னிடம் பேசவில்லை, அவரிடம்தான் பேசினார். "ரத்தமே இல்லைங்க. இப்படியே போனா பிள்ளையும் தங்காது, இவங்களும் தங்க மாட்டாங்க." அவர் கேட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கெஞ்சினால் மிஞ்சுகிறவள் நான் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்.

மறுநாள்தான் அந்த எனாமல் டம்ளரோடு வந்தார், விளிம்பு உடைந்தது. அண்டாவில் முக்கி நிரப்பி, ஊதி, என்னிடம் நீட்டினார். "உப்பு பாரு." நீங்களே பாருங்களேன், நாக்கு இல்லையா? "சளி பிடிச்சிருக்கும்மா, ஒண்ணும் தெரியல. அதுவும் இல்லாம, சமைச்சவதான் உப்பு பாக்கணும்." உப்பு பார்ப்பது சாப்பிடுவது ஆகுமா? ஆகாது, அது வேலை, அடுப்படியில் நிற்கிறவளின் கடமை, என் சபதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடித்தேன். சரியா இருக்கு. "மேலாக எடுத்ததை வச்சு சொல்லாதே, அடியில எப்படி இருக்குன்னு பாரு." துழாவி எடுத்த கெட்டிக் கஞ்சி. அதையும் பார்த்தேன். பிறகு ஒரு டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார், கடைசி ஆள் குடிக்கும்போது ஆறித்தானே இருக்கும், "ஆறினா உப்பு மாறும்மா, ஆறின பிறகு ஒரு தரம் பாத்துடு." தினமும். மாதக்கணக்கில். அவருடைய சளி விடவே இல்லை. மழையே இல்லாத வருஷத்துல உங்களுக்கு மட்டும் எங்கிருந்து சளி என்று கேட்டதற்கு, புழுதி என்றார், மூக்கை ஒருமுறை உறிஞ்சியும் காட்டினார். வரிசையில் தட்டோடு நின்ற என் மகன்கூட, அப்பா, உப்பு பாத்தாச்சா, நாங்க வரலாமா என்று கத்துவான்.

உப்பு தீர்ந்துபோன நாள்… டவுன் சபையிலிருந்து சோளமும் உப்பும் மூட்டையாகக் கொண்டுவருகிற வண்டி வரவில்லை, அக்கம்பக்கத்தில் கேட்க எனக்கு நா எழவில்லை, பசிக்கிற வாய்க்கு உப்பு எதற்கு என்று உப்பில்லாமலே காய்ச்சி இறக்கிவிட்டேன், யாரிடமும் சொல்லவும் இல்லை. டம்ளரோடு அவர் வருவார் என்பதை எப்படி மறந்தேன்? வந்தார். முக்கினார், ஊதினார், நீட்டினார். உப்பு பாரு. காலி மூட்டை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, வாய் பிளந்துகொண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாரா, பார்க்காமல் வந்தாரா? நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் டம்ளரைப் பார்த்தார். முழுதும் குடித்தேன். அடிக் கஞ்சியையும் குடித்தேன். ஆறின பிறகு அதையும். வாயைத் துடைத்துக்கொண்டு, சரியா இருக்கு என்றேன். "ம்… அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, வரிசையைக் கூப்பிடுகிற இரும்புத் துண்டை அடிக்கப் போய்விட்டார். முதல் வாயிலேயே ரேடியோ அக்காவின் குரல் கூரையைத் தூக்கியது. "அடப்பாவிங்களா! தினம் மூணு தரம் உப்பு பாக்கிற வீட்டுல இன்னிக்கு உப்பையே காணோமே! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து எதைத்தான் பாத்தீங்க?" அந்த வருடம் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை, குழந்தைகள் முதல் போதகர் வரை, கஞ்சி சிந்தச் சிந்தச் சிரித்தார்கள், எல்லோரையும்விட அதிகமாக அவர் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அன்றிலிருந்து ஊருக்கு அவர் உப்பண்ணன். போதகரே அடக்க ஆராதனையில் அந்தப் பெயரைத்தான் சொன்னார், நம்முடைய உப்பண்ணன் என்று, பூமிக்கு உப்பாக இருந்தவர் என்று அவர் வேறு எதையோ நினைத்துச் சொன்னார், நான் அந்த டம்ளரை நினைத்தேன்.

நான் தெரிந்துகொண்டேன் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், இப்படித்தான் இத்தனை காலம் வைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் உடைந்துவிடும் பொருள் போல. மறுநாள் என் தட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன், ரேடியோ அக்கா திரும்பிப் பார்த்து, "என்ன தங்கச்சி, நீயா?" உப்பு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்க்கா என்றேன், அவள் தன் தட்டிலிருந்த வெங்காயத்தில் பாதியை என் கையில் வைத்தாள், நான் கையை விரித்து நீட்டியிருந்தேன் என்று அப்புறம்தான் கவனித்தேன். மகள் பிறந்தாள், சிறிசு, ஆனால் அழுகை ஊரைக் கூட்டியது. மழையும் வந்தது, கேட்ட நாளில் எல்லாம் இல்லை, துணி காயப்போட்ட ஒரு நாளில், அவர் வெட்டி வைத்த வாய்க்காலில் ஒழுங்காகத் திரும்பி ஓடியது, பாத்தியா என்பது போல என்னைப் பார்த்தார், எனக்குச் சுமையாக இருந்த எல்லாமும் அதோடு ஓடியது போல… இல்லை, எல்லாம் ஓடவில்லை, பாதி. மீதிப் பாதியைப் பிறகு வந்த வருடங்கள் கொண்டுபோயின. நல்ல வருடங்கள். கெட்ட வருடங்களும் அவர் இருந்ததால் நல்ல வருடங்கள். கடைசி நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய், உப்பு பாருங்க என்றேன், வேறெப்படிக் கேட்பது. ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். அடுத்ததை நீட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு, "ஆறட்டும்," என்றார். ஆறிவிட்டது.

"அத்தை, உப்பு பாத்தீங்களா?" மருமகள்தான். எனாமல் டம்ளரை நீட்டுகிறாள், இது எங்கே இருந்தது, இதை யார் எடுத்தது… ஒரு வாய் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது, மீதியைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கிண்டுகிறேன். வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், ரேடியோ அக்காவைக் கைத்தாங்கலாக மகன் கூட்டி வருகிறான், இப்போது காது கேட்பது மட்டும்தான் நின்றிருக்கிறது, ஒலிபரப்பு நிற்கவில்லை, "உப்பண்ணன் வீட்டுக் கஞ்சிடா, உப்பு இருக்குமா இருக்காதான்னு குடிச்சாத்தான் தெரியும்!" எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும். சிரித்த வாயோடு சுவர்மேல் இருந்ததை எடுத்துக் குடிக்கிறேன். ஆறியிருக்கிறது. கரிக்கிறது. ஒரு பிடி அதிகமாகப் போட்டது போல. சூட்டில் தெரியவில்லையே, சூட்டில் சரியாகத்தானே இருந்தது… அப்படியானால் ஆறினால் உப்பு மாறத்தான் செய்கிறது. நிஜமாகவே. அந்த வருடம் பசியில் குடித்தேன், பிறகு வீட்டில் எத்தனை ஆறின கஞ்சி குடித்திருப்பேன், ஒரு நாள் நின்று கவனித்ததில்லை. என்னைக் குடிக்க வைக்க அவர் கட்டின கதை என்றுதானே இத்தனை காலமும்… அது கதை இல்லையென்றால் மற்றதெல்லாம்? உண்மையிலேயே சளிதானா? உண்மையிலேயே அடியில் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டாரா? அந்தக் காலி மூட்டையை அவர் பார்க்கவே இல்லையா, நான் சரியா இருக்கு என்றதை அப்படியே நம்பிவிட்டுத்தான் இரும்பை அடிக்கப் போனாரா, கண்ணில் நீர் வர அவர் சிரித்த சிரிப்பு, ஏமாந்தவரின் சிரிப்பா? கேட்க ஆள் இல்லை. ஒன்றும் அறியாமல், வெறும் உப்புக்காக மட்டுமே அவர் டம்ளரை நீட்டியிருந்தால்… அப்போது அந்த வருடம் முழுக்க எனக்கு ஊட்டியது யார்?

கொட்டகைக்குள் வெளிச்சம் அப்படியே இருக்கிறது, மகள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "என்ன அத்தை, உப்பு எப்படி இருக்கு? இரும்பை அடிக்கச் சொல்லவா?" என்கிறாள் மருமகள். துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் டம்ளரை அவளிடம் நீட்டுகிறேன். தெரியலம்மா… இன்னொரு வாய் கொடு.