ஏழுன்னு சொல்லிடுங்க தம்பி

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றுவிட்டார் என்று பள்ளிக்கூடம்தான் சொல்கிறது. வீட்டில் அதற்கான அறிகுறி ஒன்றும் இல்லை. முன்னறைச் சுவரில் கரும்பலகை இன்னும் தொங்குகிறது. அதற்கு மேலே சாக்பீஸ் வைக்க அவரே அளந்து, அவரே ஆணி அடித்த ஒரு மரத்தட்டு. அது கோணல். எதை வைத்தாலும் சன்னல் பக்கம் உருண்டு ஓடும். “சுவர்தான் கோணல், தட்டு நேராத்தான் இருக்கு” என்பார். “ஆமாங்க” என்பேன். சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி வைப்பதும் நான்தான்.

வாயைத் திறந்தால் அவருக்கு வருவது ஒன்றே ஒன்று: “போட்டுப் பாரு!” விடை வந்தால் மட்டும் போதாதாம், அதைக் கணக்கில் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் இழுத்துப் பார்த்தாயா என்பார். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியதற்கு எனக்கு யாராவது பட்டம் கொடுக்கலாம்.

எங்கள் ஒரே மகள் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்துவிட்டாள். “இவர் இல்லேன்னா யாரும் வேண்டாம்மா” என்றாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். என் கவலை அப்போதே ஆரம்பித்தது.

ஏனென்றால் அவள் அப்பாவின் நிபந்தனை ஒன்று இருக்கிறது. வருகிற மாப்பிள்ளை கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். வர்க்கமூலக் குறிக்குள் எக்ஸும் இரண்டும் கூடி நிற்கும். சமக்குறிக்கு அந்தப் பக்கம் எக்ஸில் நாலு கழிந்திருக்கும். வர்க்கமூலத்தைப் போக்க இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் ஏழு, இரண்டு என்று இரண்டு விடை வந்து நிற்கும். ஏழுதான் நிஜம். இரண்டைப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் மைனஸ் இரண்டு; அது போலி. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இத்தனை வருஷம் கேட்டதில் எங்கள் வீட்டு அடுப்புக்கே தெரியும். முன்பு பார்க்க வந்த ஒருவர் இரண்டு விடையையும் எழுதிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். இன்னொருவர் குளியலறைக்குள் போய் யாருக்கோ போன் போட்டார். இருவரையும் அப்படியே வழியனுப்பிவிட்டார்.

பல் டாக்டர் வந்தார். நல்ல பிள்ளை, செருப்பைக்கூட வரிசையாக விட்டார்.

“வாய்க்குள்ள பல்லு எத்தனை?” என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

“முப்பத்திரண்டு மாமா.”

“வேற மாதிரி சொல்லுங்க.”

“ரெண்டோட அடுக்கு அஞ்சு.”

இவர் முகம் லேசாக மலர்ந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருக்கிறது, அதை டாக்டர் பார்த்துவிடக் கூடாதாம். அந்தப் பக்கக் கன்னத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே, பலகையைச் சரியாகப் பார்க்காமலே கணக்கை எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் நிதானமாகப் போட்டார். கடைசியில், “ரெண்டு மாமா” என்றார்.

இவர் துள்ளி எழுந்தார். “பாத்தியா! விழுந்துட்டாரு! ஏழு! விடை ஏழு!”

“ஏழும் வரும் மாமா. ஆனா அது நிக்கலை.”

“எனக்கேவா? இந்தக் கணக்கை உங்க வயசுக்கு மேல நான் நடத்தியிருக்கேன்!”

மகள் கதவோரத்தில் வெளுத்துப்போய் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. “கையெல்லாம் சாக்பீஸ், வந்து கழுவிக்கோங்க தம்பி” என்று டாக்டரை அடுப்படிக்குள் இழுத்து வந்தேன். குழாயைத் திறந்துவிட்டுக் காதோரமாகச் சொன்னேன்.

“ஏழுன்னு சொல்லித் தொலைங்க தம்பி. உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? பொண்ணு கிடைக்கும்.”

“எப்படி அத்தை? தப்புன்னு தெரிஞ்சுமா?”

“நான் சொல்லலையா? கல்யாணமான நாள்லேருந்து ஏழுதான் சொல்லிட்டிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “உங்க பொண்ணை முறையா இந்த வீட்டுல கேட்டுத்தான் கட்டிக்கணும்னு வந்தேன் அத்தை. பொய் சொல்லிட்டு எப்படிக் கேக்கறது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை.

முன்னறைக்குத் திரும்பினோம். டாக்டர் அதே இடத்தில் நின்று, “மன்னிச்சுக்கோங்க மாமா, ரெண்டுதான்” என்றார். இவர் வாசலைக் காட்டக் கையைத் தூக்கிவிட்டார். அந்தக் கையில் மகள் சாக்பீஸை வைத்தாள்.

“போட்டுப் பாருங்கப்பா.”

“போட வேண்டிய அவசியமே இல்ல.”

“நீங்கதானே சொல்லுவீங்க? போட்டுப் பாருங்க.”

முறைத்துக்கொண்டே போனார். எக்ஸ் இருந்த இடத்தில் ஏழைப் போட்டார். இடப்பக்கம் ஒன்பதின் வர்க்கமூலம், மூன்று. வலப்பக்கம் நாலில் ஏழு போக மைனஸ் மூன்று. சாக்பீஸ் நின்றது. எக்ஸில் நாலைக் கழிப்பதற்குப் பதிலாக நாலில் எக்ஸைக் கழித்து எழுதி வைத்திருந்தார், சொத்தைப் பல்லை ஒளிக்கிற அவசரத்தில்! வர்க்கப்படுத்தினால் இரண்டு கணக்கும் ஒன்றுதான். போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். அடுத்து இரண்டைப் போட்டார். இந்தப் பக்கமும் இரண்டு, அந்தப் பக்கமும் இரண்டு.

இரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு திரும்பினார், சொத்தைப் பல்லெல்லாம் தெரிய வாயைத் திறந்து, “மாப்பிள்ளைக்கு முழு மார்க்கு” என்றார். மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

“அந்தத் தட்டும் கோணல்தாங்க” என்றேன்.

“எந்தத் தட்டு?”

“நீங்க அடிச்சதுதான். சுவர் நேராத்தான் இருக்கு. நானும் இத்தனை வருஷமா உங்களுக்கு ஏழு சொல்லிட்டிருக்கேன்.”

இவர் கையிலிருந்த சாக்பீஸைத் தட்டின் மேல் வைத்தார். அது சன்னல் பக்கம் உருண்டு போய், கீழே விழுந்து உடைந்தது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“இன்னும் எத்தனை ஏழு இருக்கு?”

“உக்காருங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன்” என்றேன். “சொல்லி முடிக்க நேரமாகும்.”