மர்சலின் அவிழ்க்காத பெட்டி

பாரிசில் நான் டோப்பா கட்டிப் பிழைத்தவன். புரட்சி வந்தது, டோப்பா வைத்துக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று. கப்பலேறி அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரைக்கு வந்தோம். நிலம் என்று எங்களுக்குக் கொடுத்தது முழுக்க முழுக்கக் காடு.

என் மனைவி மர்சலின் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை படகு கிளம்பறதுக்குள்ள ஒரே ஒரு மரத்தைச் சாய்ச்சுக் காட்டுங்க. இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க இந்தக் காட்டோட குடும்பம் நடத்துங்க!"

வந்து மூன்று மாதமாகியும் அவள் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஆற்றோரத்துப் பெரிய மரமொன்றைப் பிடித்தோம். துணைக்கு வந்தவர்கள் பொற்கொல்லன் திபோ, கேக் சுடும் குயோம், நடன வாத்தியார் லாம்பேர். கோடரி பிடித்துப் பழகிய கை ஒன்றுகூடக் கிடையாது. பாரபட்சம் வேண்டாமென்று நாலு பக்கமும் கயிறு கட்டினோம். சுற்றிவரச் சமமாக வெட்டினேன். டோப்பாவை அப்படித்தானே கத்தரிக்க வேண்டும்?

அந்த வழியாக வந்த வேட்டைக்காரன் ஹிக்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு பக்கமா வெட்டுங்கய்யா! சுத்தி வெட்டினா எங்க விழும்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு பக்கம் மட்டும் வெட்டினா பார்க்க லட்சணமாவா இருக்கும்?" என்றான் திபோ.

படகுக்காரன் கொம்பு ஊதினான். மர்சலின் கரையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நான் வெறிபிடித்தவன்போல் வெட்டினேன். மரம் முனகியது. மூவரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். லாம்பேர் ஓடியதுகூட அழகாகத்தான் இருந்தது. மரம் அரைவட்டம் திரும்பிக் கரைப்பக்கம் சாய்ந்தது.

"மர்சலின், ஓடு!"

அவள் துள்ளி விலகினாள். மரம் சொல்லிவைத்தாற்போல் பெட்டிமேல் விழுந்தது.

பெட்டி அப்பளமாக நொறுங்கிவிட்டது. பட்டுப் பாவாடைகள் கிளைகிளையாகத் தொங்கின. அவள் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, வர்றீங்களா இல்லையா?" என்று கத்தினான் படகுக்காரன்.

மர்சலின் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ போப்பா. எங்க வீட்டுக்காரர் மரம் சாய்ச்சுட்டார்!"

பிறகு பெட்டிக்கயிற்றை உருவி, ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையைப் பக்கத்து மரத்திலும் கட்டி, அந்தக் கொடியில் பாவாடைகளை உதறிப் போட்டாள்.

"இந்த மரத்தை மட்டும் நீங்க தொடக்கூடாது, சொல்லிட்டேன்."