பேச்சாளர் பதினான்கு

இவள் யார், பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னைப் போலவே மூக்கை லேசாக உறிஞ்சிக்கொள்கிறாள்? சளி இல்லாதபோதும் உறிஞ்சுகிற பழக்கம் எத்தனையோ பேருக்கு இருக்கலாம். எல்லாப் பழக்கமும் நமக்கு மட்டும்தான் என்று நினைப்பதும் ஒரு கர்வம். ஆனால் 'பொண்ணு' என்று சொல்லும் இடத்தில் குரல் கொஞ்சம் இறங்குகிறதே, அதுவுமா?

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஹெட்போனில் பேச்சு நின்றது. சுவர்க் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. நகராட்சி அலுவலகப் பதிவுப் பிரிவில் வேறு யாரும் இல்லை. பீரோக்களுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கணினி, காலடியில் அந்தப் பெடல். முன்னால் மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும். பின்னால் மிதித்தால் ஐந்து நொடி பின்வாங்கும். கேட்பது, அடிப்பது, பின்னால் போய் மறுபடி கேட்பது. பதினொரு வருடமாக இதுதான் வேலை. மற்றவர்கள் பேசியதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் தாளுக்குக் கொண்டுவர வேண்டும். காதில் விழாத இடத்தில் 'கேட்கவில்லை' என்று போட வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது.

பின்னால் மிதித்தாள்.

"நானும் முதல்ல பயந்தேன்தான்," என்றது அவளுடைய குரல். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அப்புறம் நானே உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். பயம் வேற, கருத்து வேற இல்லையா? நான் டைப் அடிக்கறவ. அடிச்சதை நாலு தடவை சரிபாத்துட்டுத்தான் கொடுப்பேன். அந்த மாதிரி சரிபாக்கறவங்க அங்கயும் இருப்பாங்கல்ல? அவங்க குடிக்கலாம்னு சொன்னா நான் குடிப்பேன். என் பொண்ணுக்கும் கொடுப்பேன்."

பிறகு கைதட்டல். நல்ல கைதட்டல்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அரங்கில் நடந்த கூட்டம் அது. சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஊர்க் குடிநீர்க் குழாயிலேயே விடலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பதினான்கு பேர் பேசியிருந்தார்கள். அவளும் போயிருந்தாள், மகளைக் கூட்டிக்கொண்டு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள்: எத்தனை நாள் அளந்து பார்த்தீர்கள், மழை நாளிலும் அளந்தீர்களா? அதை மனதுக்குள் அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். 'அளந்தீர்களா' என்றால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறதே, 'அளந்திருக்கிறார்களா' என்று மாற்றலாமா என்று, மைக்கில் யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கவனிக்காமல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை என்பது மட்டும் தெரியும். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அந்த வெட்கம் கூடவே வந்தது.

தட்டச்சு செய்து முடித்திருந்த மற்ற பதின்மூன்றையும் எடுத்து முதலிலிருந்து படித்தாள். அடிக்கும்போது விரல்தான் படிக்கும், அவள் படிக்க மாட்டாள். இப்போதுதான் கண்ணில் பட்டது. முடிதிருத்துபவர், ரொட்டிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மருத்துவமனைத் தாதி, தையல்கார அக்கா. ஒவ்வொருவரும் தன் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லியிருந்தார். எதுவும் இன்னொன்றைப் போல இல்லை. ஆனால் பதின்மூன்று பேரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கியிருந்தார்கள். நானும் முதல்ல பயந்தேன்தான்.

கதவு திறந்தது. பிரிவுத் தலைவர் உள்ளே வந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் எங்கே புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

"முடிஞ்சுதாம்மா?"

"சார், பதினாலாவதா பேசினது யாரு?"

அவர் சிரித்தார். "கண்ணாடியைப் பாத்து யாருன்னு கேக்கற மாதிரி இருக்கு. நீதானே? இத்தனை வருஷமா வாயைத் திறக்காத பொண்ணு, மைக்கைப் பிடிச்சதும் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டே."

"நான் பேசலை சார்."

"தன்னடக்கம் போதும். நாளைக்குக் காலையில பதினாலு பேர் கையெழுத்தும் என் மேசைக்கு வரணும். யார் பேச்சுல யார் போடணுமோ அவங்களே போடணும். போட்டாத்தான் அது அவங்க கருத்து. போடலைன்னா வெறும் சத்தம்." ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "இங்க புள்ளி எங்க?"

மதியத்துக்கு மேல் அவள் கடை கடையாகக் கையெழுத்து வாங்கப் போனாள். முடிதிருத்துபவர் படிக்காமலே போட்டார். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு போட்டார். தையல்கார அக்கா மட்டும் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கடை முழுக்க ஒரே நீல நிறத்தில் பள்ளிச் சீருடைகள் தொங்கின.

"என்ன தங்கச்சி இது? நான் எங்க கூட்டத்துக்கு வந்தேன்? ஞாயித்துக்கிழமை பூரா இங்கதான் கிடந்தேன். நாப்பது சட்டை. கழுத்து ஒடிஞ்சு போச்சு. வேற எவளாவது என் பேரைச் சொல்லிப் பேசியிருப்பா."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. தனக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. "அப்ப போடாதீங்க அக்கா," என்றாள். "நீங்க பேசலைன்னு நான் எழுதிக்கறேன்."

அக்கா தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனாள். "'துணியை ஒரு தடவை நனைச்சுக் காயவெச்சு, சுருங்குதான்னு பாத்துட்டுத்தான் கத்திரி வெப்பேன்.' இது நான் சொல்றதுதான். வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வேன். வேற யாருக்குத் தெரியும் இது?" அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "'நனைச்சுப் பாத்தவங்க சொன்னா நம்பலாம்.' சரியாத்தானே இருக்கு? எனக்கே இவ்வளவு நல்லா வரும்னு தெரியாமப் போச்சே."

"ஆனா நீங்க வரலைன்னு சொன்னீங்களே."

"வந்திருப்பேன். வராம எப்படிப் பேசியிருப்பேன்?"

துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. எதையோ தேடிக் கிடைத்துவிட்டவள் மாதிரி.

"ஆமா ஆமா," என்றாள். "அந்த ஃபேன் கிறீச் கிறீச்னு சத்தம் போட்டுதே. பேசறதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. நீகூட மூணாவது வரிசையில உக்காந்து என்னைப் பாத்துச் சிரிச்சியே."

அரங்கில் மின்விசிறி கிறீச்சிட்டது உண்மைதான். தாளில் அது எங்கேயும் இல்லை.

தெருவில் இறங்கி நடக்கும்போது கையெழுத்துத் தாள்கள் இருந்த கோப்பை உடம்போடு ஒட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கருத்து முதலில் வருகிறது. அப்புறம் கையெழுத்து. அதற்கும் அப்புறம் ஞாபகம். நமக்குத் தெரிந்த வரிசை இப்படி இல்லையே. நானும் போட்டால் எனக்கும் ஞாபகம் வந்துவிடும். மைக்கின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஞாபகம் வரும், கைதட்டல் காதில் ஞாபகம் வரும். என் மகளுக்குக் கொடுப்பேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னது ஞாபகம் வரும். பிறகு கொடுப்பதில் என்ன தயக்கம் இருக்க முடியும்?

சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்தார். அவர் அதே சாயத் தொழிற்சாலையில் பம்ப் ஓட்டுபவர். கழிவுநீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. குழாயில் விட அனுமதி வராவிட்டால் ஆலையை மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "இன்னிக்கும் ஷிஃப்ட்ல உன் பேச்சுதான்," என்றார். "டைப் அடிக்கறவ எப்படிப் பேசினா பாருன்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. எனக்குக் கால் தரையில இல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"பின்ன? பின்னால சுவத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தேனே."

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஷிஃப்ட். காலையில ஆறு மணிக்குப் போய்ச் சாயங்காலம்தான் வந்தீங்க."

அவர் டம்ளரை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். கண்கள் சுவரில் எதையோ தேடின. அவருக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்ததைப் பார்த்தாள். "ஷிஃப்ட்தான்," என்றார் மெதுவாக. "ஆனா கேட்டேனே. திங்கக்கிழமை கூட்டத்துக்கு வந்தவங்க லிஸ்ட்டுல கையெழுத்துகூடப் போட்டேனே." பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, "சும்மா கிளறாதே. நல்லதுதானே பேசியிருக்கே," என்றார்.

மகள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற பெண். மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அன்னிக்குக் கூட்டத்துல அம்மா பேசினேனா?"

"ம். மைக்ல பேசினே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நீ பேசினேம்மா. எல்லாரும் கைதட்டினாங்க. நான் தட்டலை."

"ஏன் தட்டலை?"

"எப்படித் தட்றது? நீதான் என் கையைப் பிடிச்சிட்டு இருந்தியே."

பக்கத்து அறையில் கணவர் தொலைக்காட்சியைப் போடும் சத்தம் கேட்டது. அவள் மகளின் பென்சில் பிடித்த கையைப் பார்த்தாள்.

"மைக்ல நின்னது யாரு?"

"நீ."

"உன் பக்கத்துல உக்காந்திருந்தது?"

"நீ." மகள் அலுத்துக்கொண்டாள். காது சிவக்கவில்லை. "எத்தனை தடவைம்மா கேப்பே? எனக்கு இன்னும் நாலு கணக்கு இருக்கு."

மறுநாள் காலையில் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போகும் வரை அவள் முடிவு எதுவும் செய்யவில்லை. உண்மையில், போட்டுவிடலாம் என்றுதான் பாதி மனது சொல்லியது. அந்தக் குரல் சொன்னதில் தப்பு எதையும் அவளால் காட்ட முடியவில்லை. நன்றாகவே யோசித்துப் பேசியிருந்தாள் மைக்கில் நின்றவள். இந்தப் பதினொரு வருடத்தில், ஒரு கருத்து வேண்டும் என்று எத்தனை முறை ஏங்கியிருக்கிறாள்! டீக்கடையில், பேருந்தில், உறவுக்காரர் வீட்டில், தேர்தல் பற்றியும் மருந்து பற்றியும் சம்பளம் பற்றியும் மற்றவர்கள் சட்டென்று ஒன்றைச் சொல்லும்போது, இவர்களுக்கு மட்டும் எப்போது நேரம் கிடைத்தது என்று பொறாமைப்பட்டிருக்கிறாள். இதோ ஒன்று, புதுச் சட்டை மாதிரி தைத்துத் தேய்த்து, அளவெல்லாம் சரியாக, மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆலை மூடாது. கணவர் முகம் வாடாது. தண்ணீர் ஒருவேளை நல்ல தண்ணீராகவே இருக்கலாம்.

இருக்கலாம். ஆனால் மழை நாளில் அளந்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியாதே. மைக்கில் நின்றவளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? தெரியாமலே என் பெண்ணுக்கும் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டாளா?

தலைவர் கோப்பைப் புரட்டினார். பதின்மூன்று கையெழுத்து. கடைசித் தாளில் விரல் நின்றது.

"இது?"

"நான் பேசினது இல்லை சார்."

அவர் கோபப்படவில்லை. மேசையிலிருந்த கணினியில் ஒலிப்பதிவை ஓடவிட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம், பிறகு அந்தக் குரல், அறை நிறைய. அவர் நடுவில் நிறுத்தினார்.

"குரல் உன்னோடதா இல்லையா?"

"என்னோடதுதான்."

"சொன்னதுல தப்பு இருக்கா?"

"தெரியலை சார். எத்தனை நாள் அளந்து பாத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். "இங்க பாரு. போட்டா ஞாபகம் வந்துடும். எனக்கும் முதல்ல வரலை. அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்னு நினைச்சிட்டு இருந்தேன். வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டேன் பாரு, மேடை, மாலை, நீ பேசினது எல்லாம் வரிசையா வந்துடுச்சு. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அவர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"உங்க ஞாபகத்துல நான் எங்க நின்னேன் சார்?"

"மைக் முன்னால."

"மூணாவது வரிசையில, ஒரு சின்னப் பொண்ணு பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்க?"

அவர் கண்ணை மூடினார். இமைகளுக்குள் விழிகள் அசைந்தன. வரிசையாக நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே போகிறார் என்று தெரிந்தது. ஓரிடத்தில் நின்றன. அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு," என்றார். பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "முழுக் கையெழுத்துக்கூட வேண்டாம்மா. ஒரே ஒரு எழுத்து. போதும்."

அவள் பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

"போடலை சார்."

"அப்ப இந்த இடத்துல நான் என்னன்னு எழுதறது?"

"எதுவும் எழுத வேண்டாம் சார்," என்றாள். "காலியா இருக்கட்டும்."