அந்தப்புரம் எந்தப் புறம்?

முப்பது பேரை அரண்மனைக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டி, முப்பது பேரையும் குறையாமல் பின்வாசலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வழிகாட்டித் தேர்வு என்றால் அவ்வளவுதான். கேட்க என்னவோ சப்பென்றுதான் இருக்கும். டிக்கெட் கவுன்ட்டர் அக்கா அதில் ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள்.

முதல் முறை தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பின்னால் நின்றவர்கள் அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, பாவம், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை பதற்றத்தில் கைகள் இரண்டும் தம் இஷ்டத்துக்கு ஆடித் தீர்த்தன. 'டிராஃபிக் போலீஸ் வேலைக்குப் பொருத்தமானவர்' என்று தேர்வு அதிகாரி தாளிலேயே எழுதிவிட்டார். குசும்பு பிடித்த மனிதர்!

இது மூன்றாவது முறை. நான்காவது என்று ஒன்று கிடையாது, விதி அப்படி. இன்றைக்குக் கோட்டை விட்டால் ஓய்வு பெறுகிற வரைக்கும் டிக்கெட் கவுன்ட்டர்தான்.

கவுன்ட்டர் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் பதினோரு வருஷமாக, "உள்ளே என்னம்மா இருக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட்டைத்தான் நீட்டினாள். சாப்பாட்டு வேளையில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி ஓடி, அரண்மனையைக் கரைத்துக் குடித்திருந்தாள். எந்தத் தூணில் சிற்பியின் உளி வழுக்கியது என்பது வரைக்கும் அத்துப்படி. ஒரே ஒரு ஜீவனையாவது உள்ளே கூட்டிக்கொண்டு போய், "இதோ பாருங்க" என்று காட்ட வேண்டும் என்கிற ஆசை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

முப்பது பேரில் ஒருத்தியாக அவளுடைய நாத்தனாரும் வந்து நின்றாள்.

"நான் சும்மா துணைக்குத்தான் அண்ணி. சிரிக்க மாட்டேன், சத்தியமா."

"நீ வராம இருந்திருந்தா அதுவே பெரிய துணை" என்றாள் அக்கா.

கையை ஆட்டக் கூடாது என்று இந்த முறை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். விட்டேனா பார் என்று இறுக்கினாள். இலாகா கொடுத்த புத்தகத்தில் இருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். அரசவை மண்டபம் வரைக்கும் எப்படியோ வண்டி ஓடிவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். தேர்வு அதிகாரி அட்டையில் எதையோ குறித்துக்கொண்டே வந்தார்.

அதே மண்டபத்தின் இன்னொரு மூலையில் சீனியர் வழிகாட்டி ஒருவர் தம் கூட்டத்துக்கு முழங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு 'வெண்கலம்' என்றே பெயர், குரல் அப்படி. 'சன்னக் குரல்காரங்களுக்கு எதுக்கு இந்த வேலை?' என்று அக்காவின் காதுபடவே கேட்டவர் அவர்.

மண்டபத்துக்கு இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு. அக்கா மென்று விழுங்கிச் சொன்னாள்:

"அவை கலைந்ததும் அரசர் அந்தப்புரம் செல்வார். நாமும் இப்போது அந்தப்புரம் செல்வோம்."

சொல்லிவிட்டுக் கையைக் கோத்தபடி விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எந்தக் கதவில் நுழைந்தாள் என்று பின்தங்கியவர்கள் கவனிக்கவில்லை.

அங்கேதான் வந்தது வினை. புத்தகத்தில் படித்தால் ரகரம் வேறு, றகரம் வேறு. பேச்சில் யார் பிரித்தார்கள்? அரசிகள் வாழ்ந்த அந்தப்புரமா, 'அதோ, அந்தப் பக்கம்' என்கிற அந்தப் புறமா? கையையாவது நீட்டியிருந்தால் விளங்கியிருக்கும். அதைத்தான் இவள் பூட்டி வைத்திருந்தாளே!

இடப்பக்கக் கதவைத் தாண்டியதும் எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது பேர். மறுபடி எண்ணினாள். அதே பத்தொன்பது. முகத்தில் ஈயாடவில்லை. இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது.

"என் வீட்டுக்காரரையும் காணோம்" என்று ஓர் அம்மாள் போனைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். "என்னங்க, எங்க இருக்கீங்க?"

"அந்தப் புறந்தான். அந்தப் பொண்ணு சொன்னபடிதான் வந்தேன்."

"நாங்கதானே அந்தப்புரத்துல இருக்கோம், நீங்க இல்லையே?"

"ஓகோ, அந்தப்புரமா? அப்ப இதுதான் போல. அடேயப்பா, கதவு என்ன உசரம்! ஆனா அந்த ராஜா பெரிய பாவிடி. ஒவ்வொரு ராணிக்கும் காலுக்குத் தொடை தண்டி சங்கிலி!"

யானைக் கொட்டாரம்! மனிதர் யானை கட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு ராணிகளுக்காக உருகிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். நாத்தனார் சத்தியத்தை மறந்து தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேர்வு அதிகாரி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பதினோரு வருஷமும் பாழா? அடுத்த கணம் கோபம் வந்தது. அந்தப் புத்தகத்தின் மேல், கோத்து வைத்த கைகளின் மேல், எல்லாவற்றின் மேலும் சுள்ளென்று வந்தது. மண்டபத்துக்குத் திரும்பி ஓடினாள். கைகளை அவிழ்த்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னோட வந்தவங்க அத்தனை பேரும் இங்க வாங்க! யானைக் கொட்டாரத்துல நிக்கறவங்க, அது அந்தப்புரம் இல்ல! வரிசையா வாங்க, தள்ளாதீங்க!"

அது கவுன்ட்டர் குரல். விடுமுறை நாள் கூட்டத்தில், கண்ணாடியில் கையளவு ஓட்டை வழியே வெளியே போய், தெருமுனையில் நிற்கிறவனையும் நிமிர வைக்கிற குரல். தேர்வு என்றதும் அதைக் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள், பைத்தியக்காரி! மண்டபம் அதிர்ந்தது. வெண்கலம் பாதி வாக்கியத்தில் வாயடைத்து நின்றார். வலப்பக்கக் கதவு வழியே பதினோரு பேரும் அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

"ராணிங்களுக்குச் சங்கிலி இல்லையா அப்போ?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

"இருந்துச்சுங்க, தங்கத்துல. கழுத்துக்கு" என்றாள் அக்கா.

சிரிப்பு அலையாக எழுந்தது. புத்தகம் போன இடம் தெரியவில்லை. அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள்.

"ராஜாவுக்கும் இதே தொல்லைதான் இருந்திருக்கும். 'அந்தப்புரம்'னு சொல்லிட்டு அவர் பாட்டுக்கு எழுந்திருப்பார். 'எந்தப் புறம்'னு யார் கேட்கிறது? கேட்டா தலை போயிடுமே! வாங்க, உளி வழுக்கின தூண் ஒண்ணு காட்டறேன். ராஜா கண்ணுல படாம இருக்க, அந்தச் சிற்பி அங்க எப்படி ஒரு கிளியைச் செதுக்கிச் சமாளிச்சிருக்கான்னு பாருங்க!"

வலக்கை தூணுக்குப் போனது, இடக்கை கூரைக்குப் போனது. போன இடமெல்லாம் முப்பது தலைகளும் திரும்பின. சின்னக் குழந்தைகள் முண்டியடித்து முன்னால் வந்தன. ஜன்னல் கல்லில் தேய்ந்த குழியைக் காட்டி, "இது முழங்கை வச்ச இடம். எத்தனை ராணிங்க எத்தனை சாயங்காலம் இங்க நின்னு தெருவைப் பார்த்திருந்தா கல்லு இப்படித் தேயும்?" என்று கேட்டாள். நாத்தனார் மெல்ல வந்து அந்தக் குழியில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்களா இது?" என்றாள்.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாகத் தான் மட்டும் பார்த்ததை இத்தனை பேர் பார்க்கிறார்கள்!

பின்வாசலுக்கு வந்தபோது மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது. தேர்வு அதிகாரி பேனா முனையால் ஒவ்வொரு தலையாக எண்ணினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முதலிலிருந்து எண்ணினார்.

"எத்தனை பேரைக் கூட்டிக்கிட்டுப் போனீங்க?"

"முப்பது பேர் சார்."

"நாப்பத்தேழு பேர் நிக்கிறாங்களே!"

கூட்டத்தின் வாலில் இருந்த பதினேழு பேர் தரையைப் பார்த்தார்கள். பத்தடி தள்ளி வெண்கலம் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தார்.

"குறைஞ்சா மார்க் குறைக்கணும்னு விதி இருக்கு" என்றார் அதிகாரி. "கூடினா என்ன செய்யறதுன்னு எவனும் எழுதி வைக்கலை." தாளின் அடியில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். சட்டைப்பையிலிருந்து வழிகாட்டி பேட்ஜை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அக்கா அதைக் குத்திக்கொள்வதற்குள் வாசலுக்கு வெளியே நின்ற ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது.

"உள்ளே என்னம்மா இருக்கு?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள் அவள். "வாங்க, காட்டறேன்!"