புகைக்கு ஈடாக ஒரு வயல்

கிழக்கு வெளுக்கும் முன்பே சுடலைமாடத்தி சேற்றில் குனிந்திருந்தாள். வரப்பில் நண்டு போட்ட வளைக்குள் முழங்கை வரை கையை விட்டு, வைக்கோலும் களிமண்ணுமாகத் திணித்தாள். நத்தை ஓடு கிழித்து விரலில் ரத்தம் கசிந்தது. பிசானப் பருவத்து நெல் பால் பிடிக்கிற நேரம்; தண்ணீர் வடிந்தால் எல்லாம் பதராகிவிடும்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே அந்த வயலை அவளும் புருஷன் மாரிச்செல்வமும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலைக் கூடை கூடையாகச் சுமந்து அதை மறுபடி வயலாக்கியவர்கள் அவர்கள்தான். நிலத்துக்காரர் சுந்தரராஜ் இப்போது அதையும் சுற்றியிருந்த வயல்களையும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். துறைமுகத்துப் பக்கம் புகைபோக்கி வைத்திருக்கும் கம்பெனி. நெல்லுக்குத் தண்ணீர் கட்டினால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் கிளம்புகிறது, இங்கே மரம் நட்டால் அது எங்கள் புகைக்கு ஈடாகிக் கணக்கு ‘நெட் ஜீரோ’ ஆகிவிடும் என்று அதன் அதிகாரி வந்து சொல்லிப் போயிருந்தார். அறுப்பு வரையாவது பொறுங்கள் என்று குத்தகைக்காரர்கள் கேட்டிருந்தார்கள்.

பொறுக்கவில்லை. வெயில் ஏறுமுன் ஜேசிபி வந்தது. பின்னால் ஜீப்பில் சுந்தரராஜும் அடியாட்களும். இயந்திரம் வரப்பைக் கடித்துத் துப்பிவிட்டு வயலுக்குள் இறங்கியது. சக்கரத்தடியில் கதிர்கள் நசுங்கி வெள்ளையாய்ப் பால் சிந்தின.

மாடத்தி அதன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, காலம் தப்பி மழை பெய்யுதது எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாத் தண்ணி விடச் சொல்லுங்க, விடுதோம். அறுத்த தாளைக் கொளுத்தாதன்னா கொளுத்தல. ஆனா அங்கன அவன் புகையக் கொறைக்காம, எங்க வயித்தக் காயப்போட்டா எப்படி?”

“நெலம் என்னுது. ஏளா, நீ யாரு கேக்க?”

சுந்தரராஜ் கண்ணசைத்தார். அடியாள் ஒருவன் அவளை நோக்கி ஓங்கிய இரும்புக் குழாய், குறுக்கே பாய்ந்த மாரிச்செல்வத்தின் முன்கையில் இறங்கியது. பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மாடத்தி மண்வெட்டியைச் சுழற்றினாள். ஒருவன் காது பிளந்து தொங்கியது. இன்னொருவன் அவள் கூந்தலைப் பிடித்துச் சேற்றில் அமுக்கினான். வாயெல்லாம் சேறும் ரத்தமும். மூச்சு அடைத்தது.

இயந்திரம் நின்றது. அதை ஓட்டி வந்த மெல்வின் குதித்தோடி வந்து, அமுக்கியவனை உதைத்துத் தள்ளினான். வேம்பார்க்காரன், கடலில் மீன் அற்றுப்போய் வண்டி ஓட்ட வந்தவன்.

“ஏறுலே வண்டியில,” என்றார் சுந்தரராஜ்.

“தரிசுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திய. வெளைஞ்சத இனி மிதிக்க மாட்டேன்.”

அதற்குள் பக்கத்து வயல்களிலிருந்து சந்தனச்செல்வியும் மற்றவர்களும் அரிவாளோடு ஓடி வந்தார்கள். அடியாட்கள் ஜீப்பில் தொற்றினார்கள். போலீசோடும் வேறு வண்டியோடும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் சுந்தரராஜ்.

மாரிச்செல்வத்தை ஆட்டோவில் ஏற்றினார்கள். கூடப் போக மாடத்திக்கு மனசு அடித்துக்கொண்டது. அவன்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, வயலில் நில் என்றான். யார் வயலில் வண்டி இறங்கினாலும் எல்லோரும் இறங்குவது என்று அங்கேயே முடிவாயிற்று. வண்டிப்பாதையை மறித்து உட்கார்ந்தார்கள்.

மெல்வின் ஜேசிபி ஓட்டும் கூட்டாளிகள் மூன்று பேரைப் போனில் கூப்பிட்டான். இரண்டு பேர் வண்டி எடுக்கமாட்டோம் என்றார்கள். மூன்றாமவன் போனையே எடுக்கவில்லை.

உச்சி வெயிலில் புழுதி தெரிந்தது. போலீஸ் ஜீப். அதன் பின்னால் என்ன வருகிறதென்று புழுதியில் தெரியவில்லை. மெல்வின் உட்கார இடம் விட்டு நகர்ந்த மாடத்தி, கிழிந்த உதட்டைத் துடைத்தாள்.

“நெருங்கி உக்காருங்க,” என்றாள்.